எங்கே நிறுத்துவது? – வகுப்பறைத் தொழில்நுட்பமும் ஆசிரியரின் மறுசிந்தனையும்

முன்னுரை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் நுழைந்த அளவுக்குக் கருவிகள் அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் நுழைந்ததில்லை. மடிக்கணினி, உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை, கல்வித் தொலைக்காட்சி, பாடநூலில் க்யூஆர் குறியீடு, ஆசிரியர் கையில் கைக்கணினி என்று வரிசை நீள்கிறது. இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கருவி வந்தால் கல்வி உயரும் என்பது ஒரு கட்சி. கருவி வந்து கல்வி கெட்டது என்பது மறு கட்சி. இரண்டு கட்சியிலும் பேசுபவர் பெரும்பாலும் வகுப்பறைக்கு வெளியே நிற்பவர்.

வகுப்பறைக்குள் நிற்பவரின் கேள்வி வேறு. கருவி வந்த பிறகு என் கற்பித்தலில் எது மாறியது? மாறியதில் எதை நான் விரும்பி மாற்றினேன், எது என்னைக் கேளாமல் மாறியது? இந்தக் கேள்விகளை ஆசிரியர் தமக்குள் கேட்டுக்கொள்வதையே இக்கட்டுரை மறுசிந்தனை என்று குறிக்கிறது. கருவிகள் கற்பித்தலின் எந்தப் பகுதியைத் தொடுகின்றன, அதை ஆசிரியர் எவ்வாறு கண்டறியலாம் என்பதை விளக்குவதே இதன் நோக்கம்.

ஆய்வு எல்லையும் கருதுகோளும்

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளே இக்கட்டுரையின் களம். அரசு அறிவித்து நடைமுறைப்படுத்திய திட்டங்கள், மாநிலப் பாடநூல்கள், கல்வியியல் நூல்கள், அன்றாட வகுப்பறை நடைமுறை ஆகியவை இதன் ஆதாரங்கள். மதிப்பெண் கூடியதா குறைந்ததா என்ற அளவீட்டுக்குள் இது செல்லவில்லை.

கருதுகோள் இதுதான்: கருவி பாடப்பொருளை அவ்வளவாக மாற்றுவதில்லை. அது மாற்றுவது மூன்றை: பாடம் விரியும் வரிசை, கேள்விக்கும் விடைக்கும் நடுவே உள்ள காத்திருப்பு, ஆசிரியரின் கண் செல்லும் இடம். பாடத்தை எங்கே நிறுத்துவது என்ற முடிவு ஆசிரியர் கையில் இருக்கும்வரை இம்மூன்றும் கற்றலுக்கு உதவும் வகையில் மாறும். அந்த முடிவு கை நழுவும்போது கருவி எவ்வளவு உயர்ந்ததாயினும் கற்பித்தல் மெலியும்.

1. கருவிகளின் வரலாற்றுப் பின்புலம்

1.1 மணலும் சட்டாம்பிள்ளையும்

வகுப்பறைத் தொழில்நுட்பம் மின்சாரத்தோடு பிறந்ததன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் குழந்தையின் முதல் எழுதுபொருள் மணல். விரலால் எழுதி, தவறினால் உள்ளங்கையால் கலைத்து, மறுபடி எழுத வேண்டும். கை தேறிய பிறகே ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் விழுந்த கீறல் கலையாது; மணலில் விழுந்த பிழை ஒரு நொடியில் மறையும். பிழைக்கு என்ன விலை என்பதைக் கருவியே தீர்மானிக்கிறது என்ற உண்மை இங்கேயே தொடங்குகிறது.

1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதிக் கற்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவர முயன்றபோது உதவி ஆசிரியர்களின் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனைக் கொண்டே மற்றச் சிறுவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழியாக இது ‘சென்னை முறை’ என்ற பெயரில் இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. மூத்த மாணவனே மற்றவர்களுக்குக் கற்பிக்கும் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை குறைவு. நம் ஆய்வுக்கு முதன்மையானது வேறொன்று. புதிய கருவி வரும்போது ஆசிரியர் முதலில் தயங்குவதும், அந்தத் தயக்கத்தைக் கேட்டறியாமல் அவரைக் கடந்து மாணவரிடம் நேராகச் செல்ல நிர்வாகம் முயல்வதும் இரு நூற்றாண்டுப் பழக்கம்.

1.2 செயற்கைக்கோளும் கரும்பலகையும்

1975-76-இல் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களில் நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, 1984-இல் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த கிளாஸ் திட்டம், 2004 செப்டம்பரில் ஏவப்பட்ட எஜுசாட் கல்விச் செயற்கைக்கோள் ஆகியவை இந்திய அளவில் நடந்த பெரிய முயற்சிகள். முதலாவதிலும் கடைசியிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாடம் ஓரிடத்தில் உருவாகும். வகுப்பு வேறிடத்தில் அமர்ந்து பார்க்கும். நடுவே நிற்கும் ஆசிரியரின் வேலை பெட்டியை இயக்குவதும் பிள்ளைகளை அமைதியாக வைத்திருப்பதும். இதற்கிடையே 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டம், பல தொடக்கப் பள்ளிகளில் கரும்பலகையும் இரண்டாவது அறையும் இரண்டாவது ஆசிரியரும்கூட இல்லை என்ற நிலையை ஒப்புக்கொண்ட திட்டம். செயற்கைக்கோளும் கரும்பலகையும் ஒரே காலத்தில் தேவைப்பட்ட நாடு இது.

1.3 தமிழ்நாட்டின் அண்மைக் காலம்

2011-இல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்தது. 2024-ஐ ஒட்டி அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகளும் அறிவிக்கப்பட்டு வழங்கப்படலாயின. மாணவர் கைக்கு மடிக்கணினி போய்ப் பல ஆண்டுகள் கழித்தே தொடக்கப் பள்ளி ஆசிரியர் கைக்குப் பெருமளவில் கருவி வந்தது என்ற வரிசையைக் கவனிக்க வேண்டும். கருவியைப் பற்றி ஆசிரியர் யோசிக்கத் தொடங்கும் முன்பே அது பள்ளிக்குள் வந்து நின்றுவிட்டது.

2. கோட்பாட்டுச் சட்டகம்

2.1 செயலுக்குள்ளும் செயலுக்குப் பின்னும்

டொனால்ட் ஷோன் 1983-இல் வெளியிட்ட நூலில், தொழில் வல்லுநரின் சிந்தனையை இரண்டாகப் பிரித்தார். வேலை நடக்கும்போதே போக்கை மாற்றிக்கொள்வது ஒன்று. வேலை முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. கற்பித்தலில் முதலாவது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை பேனாவைக் கீழே வைக்கிறாள். புரியவில்லை என்று அறிந்து ஆசிரியர் வேறோர் எடுத்துக்காட்டுக்குப் போகிறார். இந்தச் சிந்தனை நிகழ இரண்டு தேவை: ஆசிரியர் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும், பாடத்தை நிறுத்த அவரால் முடிய வேண்டும். கருவி இவ்விரண்டையும் தொடுகிறது.

2.2 பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம்

பாடம் தெரிந்திருப்பதும் கற்பிக்கத் தெரிந்திருப்பதும் தனித்தனி. இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னால் விளங்கும் என்பது மூன்றாவது அறிவு என்று லீ ஷுல்மன் 1986-இல் எடுத்துக்காட்டினார். அதன்மேல் புண்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து ஒரு சட்டகம் அமைத்தனர். கணினி இயக்கத் தெரிவது ஒரு திறன். குறிப்பிட்ட பாடத்தின் குறிப்பிட்ட கடினத்துக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று அறிவது வேறு திறன் என்பதே அதன் சாரம். நம் பணியிடைப் பயிற்சிகளில் பெரும்பாலானவை முதலாவதோடு நின்றுவிடுகின்றன. செயலியைத் தரவிறக்குவது, உள்நுழைவது, பதிவேற்றுவது வரை பயிற்சி உண்டு. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் பிள்ளை தடுமாறும் இடத்துக்கு அது என்ன செய்யும் என்ற கேள்வி பயிற்சியில் எழுவதே அரிது.

2.3 மீண்டும் மீண்டும் வரும் சுழற்சி

லாரி கியூபன் 1986-இல் எழுதிய நூலில், 1920-களிலிருந்து திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி என ஒவ்வொரு கருவியும் அமெரிக்க வகுப்பறைக்குள் வந்த கதையை ஆராய்ந்தார். பாடநூல்களின் இடத்தைத் திரைப்படம் பெரும்பாலும் பிடித்துவிடும் என்று தாமஸ் எடிசன் 1922-இல் நம்பியதும் அந்தக் கதையில் அடக்கம். முதலில் பெரும் ஆரவாரம், அடுத்து ஆய்வுச் சான்றுகள், பிறகு வகுப்பறையிலிருந்து குறைகள், கடைசியில் ஆசிரியர் மேல் பழி என்ற சுழற்சியை அவர் கண்டார். ஆசிரியர் கருவியை ஒதுக்குவது பெரும்பாலும் அச்சத்தால் அன்று, தம் நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பத்தைந்து நிமிடத்துக்கும் அது பொருந்தவில்லை என்ற கணக்கால் என்பது அவர் கண்ட உண்மை. 2015-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) வெளியிட்ட ஆய்வும், கணினிகளில் பெருமுதலீடு செய்த நாடுகளின் வாசிப்பு, கணிதம், அறிவியல் அடைவில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்றது. இதைக் கொண்டு கருவியே வீண் என்று முடிவுகட்டவும் கூடாது. எதற்காகப் பயன்பட்டது என்று பார்க்காமல் எத்தனை வாங்கினோம் என்று எண்ணுவதே வீண் என்பதை இது காட்டுகிறது.

3. கற்பித்தலில் நிகழும் மாற்றங்கள்

3.1 வரிசை: பலகையில் வளரும் இதயம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மனித இதயத்தின் அமைப்பு. கரும்பலகையில் வரையும் ஆசிரியர் முதலில் வெளிக்கோட்டைப் போடுவார், நடுவே தடுப்புச்சுவர், மேலே இரண்டு ஆரிக்கிள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள். படத்தில் வலப்பக்கம் இருப்பது இதயத்தின் இடப்பக்கம் என்ற குழப்பம் இந்த இடத்திலேயே எழும். அவர் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நின்று தம் மார்பில் கை வைத்துக் காட்டுவார். பிறகு வண்ணச் சாக்பீஸ். மகாதமனிக்குச் சிவப்பு, பெருஞ்சிரைக்கு நீலம். அடுத்து நுரையீரல் தமனிக்கு வரும்போது சிவப்பை வைத்துவிட்டு நீலத்தை எடுக்கிறார். “சார், தமனிக்கு எதுக்கு நீலம்?” என்று ஒரு குரல் வரும். சாக்பீஸ் மாறியதைப் பார்த்ததால் பிறந்த கேள்வி அது. தமனி என்பது இரத்தம் சிவப்பாக இருப்பதால் பெற்ற பெயர் அன்று, இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வதால் பெற்ற பெயர் என்ற கருத்து அந்தக் கேள்வியின் மேல் அமர்கிறது.

அதே பாடம் திரையில் வரும்போது இதயம் முழுதாக, வண்ணத்தோடு, துடித்துக்கொண்டே வருகிறது. வால்வு திறந்து மூடுவதையும் இரத்தம் ஓடும் திசையையும் கரும்பலகை என்றும் இப்படிக் காட்ட முடியாது. ஆனால் நுரையீரல் தமனியின் நீலம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. யாரும் எதையும் மாற்றிக் கையில் எடுக்கவில்லை. ஆகவே கேள்வியும் எழுவதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்ட ஆசிரியர் இரண்டையும் விடமாட்டார். முதலில் பலகையில் வளர்த்து, பிறகு திரையில் துடிக்கவிட்டு, நீலத் தமனி வரும் நொடியில் காணொளியை நிறுத்திக் கேள்வியைத் தாமே கேட்பார். அந்த நிறுத்தம் காணொளியைத் தயாரித்தவர் வைத்ததன்று.

3.2 மாறுபாடு: அசையும் அரைவட்டம்

கரும்பலகையால் இயலாத ஒன்றைத் திரை செய்யும் இடம் கணிதத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆஸ்திரியாவின் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் உருவாக்கிய ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருள், நம் கணிதப் பாடநூல்களின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிகளில் பயன்படுகிறது. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். பலகையில் ஓர் அரைவட்டத்துக்கு ஒரு படம், மிஞ்சினால் மூன்று. திரையில் வட்டத்தின் மேலுள்ள புள்ளியை இழுத்துக்கொண்டே போகலாம். முக்கோணத்தின் உருவம் மாறிக்கொண்டே இருக்கும். கோணம் மட்டும் 90 பாகையில் அசையாமல் நிற்கும். எது மாறினாலும் எது மாறாது என்பதே கணிதத்தின் உயிர்நாடி. அதைக் கண்ணுக்குக் காட்டும் வலிமை இக்கருவிக்கு உண்டு.

ஆயினும் இங்கும் ஓர் இழப்பு ஒளிந்திருக்கிறது. காம்பஸும் பாகைமானியும் கொண்டு நோட்டில் வரையும் பிள்ளைகளில் ஒருவருக்கு 88, மற்றவருக்கு 91, வேறொருவருக்கு 90 வரும். யாருடையது சரி என்ற சச்சரவு எழும். அளந்து பார்த்துத் தீர்க்க முடியாது, காரணம் காட்டியே தீர்க்க வேண்டும் என்ற நிலை வந்தால்தான் நிரூபணம் தேவைப்படுகிறது. திரை முதல் தடவையிலேயே 90 என்று சொல்லிவிட்டால், ‘அதான் தெரிஞ்சுபோச்சே, எதுக்கு நிரூபிக்கணும்?’ என்று பிள்ளை நினைப்பது இயல்பு. முதலில் நோட்டு, அடுத்து சச்சரவு, அதன்பின் திரை, கடைசியில் நிரூபணம் என்று வரிசைப்படுத்தும் ஆசிரியர் கருவியின் வலிமையையும் எல்லையையும் ஒருசேர அறிந்தவர்.

3.3 காத்திருப்பு

கேள்வி கேட்டபின் ஆசிரியர் விடைக்காகக் காத்திருக்கும் நேரத்தை அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ அளந்தார். சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளே கேட்கும் கேள்விகளும் கூடின. 1970-களில் வெளிவந்த இம்முடிவு இன்றும் ஆசிரியப் பயிற்சியில் பேசப்படுகிறது.

காணொளிக்குக் காத்திருக்கத் தெரியாது. ‘யோசித்துப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு இரண்டு நொடியில் விடையையும் அதுவே சொல்லிவிடும். பலகையில் எழுதும் ஆசிரியர் முதுகைக் காட்டும் அந்தச் சில நொடி, எழுதி முடிக்கும் வரையான இடைவெளி, பலகையை அழிக்கும் நேரம் ஆகியவை வீணாகத் தோன்றினாலும் மெதுவாக எழுதும் பிள்ளை எட்டிப் பிடிக்கும் நேரம் அதுவே. திரை அந்த இடைவெளிகளை அகற்றுகிறது. அகற்றியதை ஆசிரியர் தெரிந்தே திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது.

3.4 ஆசிரியர் நிற்கும் இடம்

ஆசிரியரின் உடலை வகுப்பறைக்குள் மிக அதிகமாக இடம் மாற்றிய தொழில்நுட்பம் எது என்று கேட்டால், அது கணினியும் இல்லை, திரையும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் கீழ்மட்டக் கரும்பலகையும்தான். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் பலகை. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்து ஏணிப்படி வரிசையில் நின்றது. ஒவ்வொரு குழந்தையும் தான் இருக்கும் படியிலிருந்து தொடங்கியது. ஆசிரியர் மேசையை விட்டுப் பாயில் வந்து அமர்ந்தார். நிறுத்துவதும் நகர்வதும் குழந்தையின் வேகத்துக்கு இறங்கின. அம்முறையிலும் குறைகள் இருந்தன. அட்டை எடுப்பதே பாடமாகிப்போன வகுப்புகளும் உண்டு. ஆனாலும் கருவி ஆசிரியரை எங்கே உட்கார வைக்கிறது என்ற கேள்விக்கு அது தந்த விடை இன்றும் பாடமாக இருக்கிறது. ஏனெனில் பெருந்திரை வந்த வகுப்பறையில் ஆசிரியர் மறுபடி முன்வரிசைக்கு, சுவிட்சுக்குப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டார்.

3.5 ஐயமற்ற ஆதாயம்

கருவி வந்ததால் நேர்ந்த நன்மையில் ஐயமே இல்லாத இடமும் உண்டு. பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர்கள் முன்பெல்லாம் பாடநூலைப் படித்துக்காட்ட இன்னொருவரை எதிர்பார்த்தார்கள். என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளும் கைப்பேசியின் குரல் வசதியும் தமிழிலும் இயங்கத் தொடங்கிய பிறகு, சுற்றறிக்கையைத் தாமே படித்து, வினாத்தாளைத் தாமே தட்டச்சு செய்கிறார்கள். மாணவர் கையெழுத்தில் எழுதிய விடைத்தாளைத் திருத்த மட்டும் இன்னொருவர் கண் இன்னும் தேவைப்படுகிறது. இங்கே கருவி ஆசிரியரின் முடிவைப் பறிக்கவில்லை. இதுவரை பிறர் கையில் இருந்த முடிவை அவரிடம் சேர்த்தது.

4. முகம் தெரியாத வகுப்பு: 2020-21

கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. இடைப்பட்ட காலம் தொழில்நுட்பத்தைப் பற்றி ஆசிரியர்கள் கட்டாயமாக யோசித்த காலம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் குறித்த நேரத்துக்கு வந்து குறித்த நேரத்துக்குப் போனது. வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் அனுப்பிய குரல்பதிவு, அப்பா வேலை முடிந்து கைப்பேசியோடு வீடு திரும்பிய பிறகே பிள்ளையைச் சேர்ந்தது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. பல வீடுகளில் அதுவும் பட்டன் போன்.

கேமராவுக்கு முன் பாடம் நடத்திய ஆசிரியர்கள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. முப்பது நிமிடம் எடுக்கும் பாடம் கேமரா முன் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச இருபது நிமிடம் எங்கே போனது? ‘புரியுதா?’ என்று கேட்டு முகம் பார்த்தது, திரும்பச் சொன்னது, பின்பெஞ்சை அதட்டியது, யாரோ கேட்ட சம்பந்தமில்லாத கேள்விக்குச் சிரித்துப் பதில் சொன்னது ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்த இருபது நிமிடம். பாடம் என்று நாம் நினைத்தது பத்து நிமிடம்தான். கற்பித்தல் என்பது மீதி. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலரை மாலையில் பிள்ளைகளின் தெருவுக்கே அனுப்பியதை இந்தப் பின்னணியில் காண வேண்டும். திரையால் ஈடுசெய்ய முடியாததை ஓர் ஆளை அனுப்பியே ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

5. மேல்நோக்கிப் பாயும் தரவு

வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றால் கற்பிக்கும் கருவி மட்டும் அன்று. எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறையும் அதன் செயலிகளும் ஆசிரியரின் நாளை மாற்றியதில் எந்தத் திரைக்கும் குறைந்தவை அல்ல. மாணவர் வருகை, நலத்திட்டப் பொருள் வழங்கல், மதிப்பீட்டு விவரம் என்று பதிவுகள் பெருகின. வருகைப்பதிவேட்டைக் கையில் பிடித்துப் பெயர் வாசித்து, “உள்ளேன் ஐயா” என்ற குரலோடு பிள்ளையின் முகத்தையும் பார்த்த காலை வழக்கம், சிக்னல் கிடைக்கும் மூலையைத் தேடும் வழக்கமாகப் பல ஊர்களில் மாறியது. பதிவுச்சுமையைக் குறைக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுத்து வந்திருக்கின்றன.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளியில் இதன் பொருள் மிகக் கடுமையானது. ஒருவர் பதிவேற்றத்தில் இருந்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். எண்ணும் எழுத்தும் முறையில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது கற்பித்தல் நோக்கில் சிறந்த எண்ணம். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிந்த ஆசிரியர் அந்த அறிவை மறுநாள் பாடத்தில் பயன்படுத்தினால் மதிப்பீடு உயிர்பெறும். அதே மதிப்பீடு செயலிக்குள் போய், மாவட்டத்துக்கும் சென்னைக்கும் அட்டவணையாகச் சென்று, வகுப்பறைக்கு எதுவும் திரும்பி வராவிட்டால், அது ஆசிரியரின் எழுத்தர் வேலை மட்டுமே. தரவு யாரைக் கேட்டு மேலே போகிறது என்பதைக் காட்டிலும், யாருக்குப் பயன்பட்டுக் கீழே வருகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. தொழில்நுட்பம் யார் வகுத்த நிபந்தனைகளின்படி கல்விக்குள் வருகிறது என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை எழுப்பிய கேள்வியும் இதையே தொடுகிறது.

6. செயற்கை நுண்ணறிவு

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின், ஒப்படைவு என்ற பழைய நடைமுறை ஆட்டம் கண்டது. இதை மாணவரின் ஏமாற்று என்று மட்டும் பார்ப்பது குறைப்பார்வை. பல ஆண்டுகளாகவே ஒப்படைவுகள் கடையில் வாங்கிய படத்தாளும் இணையத்தில் எடுத்த பத்தியுமாகத்தான் வந்துகொண்டிருந்தன. கருவி இங்கே செய்தது, ஏற்கெனவே உள்ளீடற்றுப் போயிருந்த பணியை வெளிப்படையாக்கியது. பிள்ளை வீட்டில் செய்துகொண்டு வருவதை மதிப்பிடுவதற்குப் பதிலாக, அதைப் பற்றி வகுப்பில் இரண்டு கேள்வி கேட்டு அவள் வாயால் சொல்ல வைப்பதற்கு ஆசிரியர் நகர வேண்டும். அதற்கும் வேண்டியது பாடவேளையில் நேரம்தான்.

7. மறுசிந்தனைக்கான ஐந்து வினாக்கள்

மேற்கண்ட பகுப்பாய்விலிருந்து, கருவி பயன்படுத்திய ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னும் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் கீழே தொகுக்கப்படுகின்றன.

1. பாடத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடம் எது? கருவி அந்த இடத்தைத் தொட்டதா, ஏற்கெனவே எளிதாக இருந்த இடத்தை அலங்கரித்ததா?
2. நான் எங்கே நிறுத்தினேன்? நிறுத்தாமல் விட்ட இடத்தில் யார் பின்தங்கினார்கள்?
3. இந்தப் பாடவேளையில் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் எவை? கருவி இல்லாத பாடவேளையைக் காட்டிலும் அவை கூடினவா, குறைந்தனவா?
4. என் கண் எங்கே இருந்தது? பிள்ளைகள் மேலா, திரை மேலா, சிக்னல் மேலா?
5. பிள்ளையின் கை என்ன செய்தது? எழுதியதா, வரைந்ததா, அளந்ததா, வெறுமனே மடியில் இருந்ததா?

இதற்குத் தனிப் படிவமோ தனிச் செயலியோ வேண்டியதில்லை. ஆசிரியர் ஏற்கெனவே எழுதிவரும் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் இரண்டு வரி போதும். பாடக்குறிப்பேடு இப்போது பாடம் நடத்துவதற்கு முன் எழுதப்பட்டு, தலைமையாசிரியரின் கையொப்பம் பெற்று மூடப்படும் ஆவணமாக இருக்கிறது. பாடம் முடிந்த பின்னும் அதைத் திறக்கும் வழக்கம் வந்தால் ஷோன் சொன்ன இரண்டாவது சிந்தனைக்கு இடம் கிடைக்கும்.

தொகுப்புரை

இக்கட்டுரையின் முடிவுகள் வருமாறு.

கருவி பாடத்தின் வரிசையையும் காத்திருப்பையும் ஆசிரியரின் பார்வையையும் மாற்றுகிறது. அம்மாற்றம் பெரும்பாலும் ஆசிரியர் அறியாமல் நிகழ்கிறது.

இதயத்தின் படத்தில் பலகை கேள்வியைப் பிறப்பிக்கிறது. அரைவட்டத்தில் திரை மாறாமையைக் காட்டுகிறது. எந்தக் கருவி உயர்ந்தது என்ற பொதுவான விடை இல்லை. எந்தப் பாடத்தின் எந்த இடத்துக்கு என்ற குறிப்பான விடையே உண்டு. அதைச் சொல்லத்தக்கவர் அந்தப் பாடத்தை நடத்துபவர்.

பெருந்தொற்றுக் காலம், பாடத்தை அனுப்புவதும் கற்பிப்பதும் ஒன்றல்ல என்பதைச் சான்றோடு காட்டியது.

பதிவேற்றச் சுமை, கற்பிக்கும் நேரத்தோடு சிந்திக்கும் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது.

இவற்றின் அடிப்படையில் மூன்று பரிந்துரைகள். முதலாவது, குறுவள மையக் கூட்டங்களில் செயலி இயக்கப் பயிற்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, ஆசிரியர்கள் தாங்கள் நடத்திய ஒரு பாடத்தை எடுத்துவைத்துப் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும். இரண்டாவது, துறை தயாரிக்கும் காணொளிகள் ஒரே ஓட்டமாக இல்லாமல், ஆசிரியர் நிறுத்திக் கேள்வி கேட்பதற்கான இடங்களோடு சிறு துண்டுகளாக அமைய வேண்டும். மூன்றாவது, வகுப்பறையிலிருந்து எடுக்கும் எந்தத் தரவும் அதே வாரத்தில் அதே ஆசிரியருக்குப் பயன்படும் வடிவில் திரும்பி வர வேண்டும். அப்படி வராத பதிவை ஆசிரியரிடம் கேட்கக் கூடாது.

திறன்மிகு வகுப்பறைக்குப் பணம் ஒதுக்கிய அரசு, அதைப் பற்றி யோசிக்க ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் செலவு மிகக் குறைவு. அந்த ஒரு பாடவேளை ஒதுக்கப்படாதவரை, திரைகளின் எண்ணிக்கை கூடும், கற்பித்தல் மாறாது.